வீட்டு வரிசைத் திராட்சை

திராட்சை விவசாயிகள் சங்கத்தில் அவனுக்குக் கறார் என்று பெயர். சும்மா வந்த பெயர் இல்லை. போன பருவத்தில் ஒரே ஒரு தோட்டத்துப் பழத்தில் மருந்து மிச்சம் இருந்ததென்று, வாங்கும் நாட்டுத் துறைமுகத்தில் மொத்தக் கண்டெய்னரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தோட்டக்காரரைக் கூட்டத்தில் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவன் இவன்தான். பாவம், அந்த மனுஷன் பிறகு சங்கத்துப் பக்கம் தலைகாட்டவே இல்லை.

இந்த வருஷம் அறுவடை நெருங்கும்போது மழை பிடித்தது. அடித்தால் பழத்தில் தங்கிவிடும் என்பதால் மருந்து தொடக்கூடாத நாட்கள். பூஞ்சை விழுந்தால் தோட்டமே போய்விடுமே என்று கறாருக்குப் பயம். யாருக்கும் தெரியாமல் பம்பைத் தோளில் மாட்டி அடித்து முடித்தான். வீட்டை ஒட்டிய ஒரு வரிசையை மட்டும் விட்டுவிட்டான். அது வீட்டில் சாப்பிட. அதற்கு எப்போதுமே மருந்து கிடையாது. கடல் தாண்டித் தின்பவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. இதில் கூச்சப்பட ஏதாவது இருப்பதாக அவனுக்குத் தோன்றியதே இல்லை.

சோதனைக்குப் பழம் எடுக்க வந்த அதிகாரியம்மாவை, வெயிலாக இருக்கிறது, இங்கேயே நிழல் என்று பேச்சுக் கொடுத்து நேராக அந்த வரிசைக்கே அழைத்துப் போனான். அவரும் கொத்துகளை வெட்டிப் பையில் போட ஆரம்பித்தார்.

அடுத்த தோட்டம் அவன் அக்காவுடையது. அவளுடைய பழமும் இதே கண்டெய்னரில்தான் போகிறது. கூடமாட உதவ வந்தவள், தள்ளியிருந்த வரிசையில் ஒரு பழத்தைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அக்கா, அதத் தின்னாத!"

கத்தரிக்கோல் நின்றது. ஏன் என்று கேட்டார் அதிகாரி. கழுவவில்லை என்று அவன் முனகினான். அவர் பார்வை அவனை விட்டு நகரவில்லை.

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இலையில் வெள்ளையாகக் காய்ந்திருந்த மருந்துத் திட்டையும் பார்த்தாள். துறைமுகத்தில் பிடிபட்டால் தன் பழமும் சேர்ந்து திரும்பும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தும் பழத்தை வாயில் போட்டு மென்றாள். நல்ல இனிப்பு என்று அதிகாரியிடம் சிரித்தாள். இன்னொன்றும் தின்றாள்.

கத்தரிக்கோல் மறுபடி ஓடியது. அப்பாடா என்றது அவன் மனசு. என்ன ஜென்மம் நான் என்று மறுகணமே உடம்பெல்லாம் கூசியது. சங்கத்தில் தலைகுனிய வேண்டுமே என்ற பயத்தில், கூடப் பிறந்தவள் விஷத்தைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அக்கா மூன்றாவதைக் கிள்ளினாள். பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தான்.

"மேடம், அந்தப் பையக் கொட்டிருங்க. இந்த வரிசையில எடுங்க. நான் மருந்தடிச்சிருக்கேன்."

அதிகாரி பையைக் காலி செய்தார். அக்கா வாயிலிருந்த தோலைத் துப்பினாள். என் பழத்தையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தாயே என்று திட்டப்போகிறாள் என்று அவன் காத்திருந்தான். அவள் அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"மூணாவதுக்குத்தான் உனக்கு வாய் வந்துச்சாடா?"