பிளாஸ்கில் வந்த எதிரொலி

கப்பல்காரர் வீட்டு நடையில் சரிவு மேல்நோக்கி இருந்தது. வாசலில் ஓர் எலுமிச்சம்பழத்தை விட்டால் அது உருண்டு, இரண்டு படி ஏறி, சமையலறைக்குள் போய் நிற்கும். எதிர்வீட்டு வாத்தியார் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, ரசமட்டம் கெட்டுப்போய்விட்டது என்று வேறு வாங்கினார். கப்பல்காரர் அந்தச் சரிவை எங்கோ ஒரு மலைச்சாலையில் கண்டு, பிடித்துப்போய், பாயில் சுருட்டி எடுத்துவந்திருந்தார். கப்பலில் அவருக்கு இன்ஜின் வேலை. துறைமுகத்தில் மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கும்போது இவர் இப்படி எதையாவது கண்டெடுப்பார். ஒரு கடற்கரையிலிருந்து கொண்டுவந்த கூழாங்கல், அந்தக் கரையில் வெயில் அடிக்கும்போது மட்டும் சுடும். இங்கே அப்போது பொழுது சாய்ந்திருக்கும். அவர் விடுமுறையில் இருக்கும்போது விருந்தாளிகள் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் கப்பலேறிய பிறகு, தெருத் தூசி மொத்தமும் அதே வழியில் ஏறிச் சமையலறைக்கு வந்தது. பெருக்கியது மனைவி. அவர் பள்ளிச் சீருடை தைப்பவர். நாளெல்லாம் மிஷின் மிதித்த இடுப்புக்கு அந்தக் கல்லை ஒற்றடமாக வைத்துக்கொள்வார். "அப்பா உலகத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாருன்னு ஊரே சொல்லுது. அதைக் கூட்டி அள்றது யாருன்னு ஒருத்தரும் கேக்கல," என்பாள் மகள். அந்த வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள். வாய் அதிகம் என்று பெயர் எடுத்திருந்தாள். சொன்னது தப்பு என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

ஒரு முறை அவர் பிளாஸ்கில் ஓர் எதிரொலியை அடைத்துக் கொண்டுவந்தார். பெரிய பள்ளத்தாக்கு ஒன்றின் எதிரொலி அது. அங்கே கூப்பிட்டால் குரல் திரும்பிவர ஆறு மாதம் ஆகுமாம். சமையலறையில் மூடியைத் திறந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. "இதுலயாவது பெருக்கற வேலை இல்ல," என்று மனைவி பிளாஸ்கைக் கழுவி டீ ஊற்றி வைத்தார். கப்பல்காரர் போய், ஆறு மாதம் கழித்துத் திரும்பினார். மனைவி சீருடை கொடுக்கக் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கப்பல்காரருக்கு அடுப்புப் பக்கம் மனைவியின் குரல் கேட்டது: "கேஸ் தீர்ந்துபோச்சு. இன்னிக்குன்னு பாத்து." ஆள் இல்லை. அன்றிலிருந்து கப்பல்காரர் இல்லாத நாட்கள் வரிசையாகச் சமையலறைக்குள் வந்தன. மகளுக்குக் காய்ச்சல் கண்ட வாரம் வந்தது, மிஷின் பெல்ட் அறுந்தபோது விட்ட வசை வந்தது, அவர் இல்லாமலே அம்மாவும் மகளும் சிரித்த சிரிப்பு வந்தது. சில நாட்களில் பேச்சே இல்லை, பாத்திரச் சத்தம்தான். மனைவிக்கு இதில் செய்தி ஒன்றுமில்லை, எல்லாம் தான் சொன்னதுதானே. கப்பல்காரர் ஒரு முக்காலியைத் தூக்கிப்போய்ச் சமையலறையில் போட்டுக்கொண்டார்.

ஒரு சாயங்காலம், மனைவி காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பழைய குரல் கல்லோடு பேசியது. "நீ கிடந்த கரையில ஒரு தடவையாவது நானும் கால் நனைக்கணும். எங்க, நான் போனா இந்தத் தூசியை யாரு பாக்கறது." கத்தி நின்றது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார் கப்பல்காரர்.

"சொன்னப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"கப்பல் உனக்கு ஒத்துக்காதேன்னு நினைச்சேன்."

"அதைக் கப்பல் சொல்லட்டும்."

"தனியாவா போவே?"

"நீங்க யாரோட போனீங்க?"

மகள் மறுநாளே அம்மாவை பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கக் கூட்டிப்போனாள். அடுத்த கப்பலுக்குக் கப்பல்காரர் கையெழுத்துப் போடவில்லை, மனைவிதான் போனார். துறைமுகச் சோதனையில் கைப்பையில் சுடுகிற கல்லைப் பார்த்து என்ன இது என்று கேட்டதற்கு, அது ஊருக்குப் போகுது என்றாராம். ஒரு மாதம் என்று சொல்லிப் போனவர் மூன்று மாதமாகியும் வரவில்லை. அங்கே ஒரு தையல்கடையில் உட்கார்ந்துவிட்டதாகவும், சாயங்காலமானால் அலையில் நிற்பதாகவும் போனில் சொன்னார். வருவாளா என்று கப்பல்காரர் மகளிடம் கேட்டார். "அம்மா எத்தனை வருஷம் இதையே கேட்டிருப்பாங்க, கணக்குப் பாருங்க," என்றவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் பெருக்கக் கற்றுக்கொண்டார். சமையலறையில் மனைவியின் பழைய குரல் எதையோ பேச, இவர் எதையோ பதில் சொல்வார். உப்பு எங்க வச்சிருக்கே என்று கேட்பார். ஒரு நாள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டே, "வந்துரு," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, நல்லா பாத்துட்டே வா," என்றார்.

நல்லா பார்த்துவிட்டுத்தான் மனைவி வந்தார். கால் கறுத்திருந்தது, கையில் கல் இல்லை. "அங்கயே போட்டுட்டேன். பாவம், ராத்திரியெல்லாம் முழிச்சிட்டிருந்துச்சு." வேறு எதுவும் கொண்டுவரவில்லை, வீட்டில் இருப்பதைப் பெருக்கினால் போதும் என்றார். பெருக்கும் வேலை அவரிடம் திரும்பவில்லை. இடுப்புக்குக் கப்பல்காரர் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து கொடுத்தார்.

சில மாதம் கழித்து, அவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது சமையலறை "வந்துரு" என்றது. பிறகு, "இல்ல, நல்லா பாத்துட்டே வா." மனைவி வாசல்படியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். நூலைக் கடித்துவிட்டு எழுந்து, உள்ளே போய், அடுப்பைப் பார்த்து, "வந்துட்டேன்," என்றார்.

ஆறு மாதம் கழித்து அந்த "வந்துட்டேன்" திரும்பக் கேட்டபோது மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிரவில்லை. கப்பல்காரர் உப்பு ஜாடியை மனைவி பக்கம் நகர்த்தினார்.