மணம் பார்க்கிறவள்

பஞ்சலிங்கம் அண்ணை நான்காவது துளையிலிருந்து இரும்புக் குழாயை இழுத்தெடுத்து, உள்ளே இருந்த மண்ணைத் தகரத் தட்டில் நீளமாகத் தட்டினார். மேலே செம்மண், கீழே ஈரம் கோத்த வெளிறிய சுண்ணாம்புப் பொடி. ஆரணி குந்தியிருந்து ஒரு பிடி உடைத்து மூக்கருகே கொண்டு போனாள்.

"மணக்குதோ பிள்ளை?"

"இல்லை அண்ணை."

அவர் மண்ணைத் திரும்பத் துளைக்குள் தள்ளி, மேலே சீமெந்து குழைத்து ஊற்றினார்.

அளவெட்டியின் ஓரத்தில், எண்ணெய்த் தாங்கிகள் நின்று பிறகு இரும்புக்கு வெட்டி விற்கப்பட்ட வளவு அது. நிலத்துக்குள் எண்ணெய் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறதென்று பார்க்கத்தான் துளைகள். வாயு அளக்கிற கருவி பழுதாகிக் கொழும்புக்குப் போனது போனதுதான். ஆகவே மணக்கிற மண் மட்டும் ஆய்வுகூடத்துக்குப் போகும். மணக்காத இடத்தோடு, வேலைக்குப் பொறுப்பான குகதாசன் சேர் வரைபடத்தில் கோடு கீறுவார். கோட்டுக்கு உள்ளே இருக்கிற கிணற்றுக்காரருக்கு மாற்றுத் தண்ணீர் வரும். வெளியே இருப்பவை கிடந்தபடி கிடக்கும். அந்த மணம் பார்க்கிற வேலையைச் சண்டை பிடித்து வாங்கியவள் ஆரணி. சேர்ந்த புதிதில் அவளைக் குடை பிடிக்கவும் தேத்தண்ணி ஊற்றவும் விட்டார்கள். மேசன் கூலியின் மகள், குடும்பத்தில் முதல் பட்டம். உங்களுக்குக் குடை பிடிக்கவோ நான் கம்பஸுக்குப் போனனான் என்று குகதாசன் சேரின் முகத்துக்கு நேரே கேட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய மூக்குச் சொன்னால் சரி என்றாயிற்று. இன்றைய துளைகள் தெற்கு வேலியோரம். வேலிக்கு அங்கால் ஒரு வெங்காயத் தோட்டம், அதைத் தாண்டினால் அவளுடைய வீடு.

வடக்குப் பக்கக் கிணறுகளில் நீர்மட்டம் அளக்கப் போயிருந்த, கூட வேலை செய்யும் சிசிலியா, மத்தியான வெயிலில் வேர்த்து ஊற்ற வந்து, லொறியில் கிடந்த ஆரணியின் போத்தலை எடுத்து வாயில் கவிழ்த்தாள். உடனேயே துப்பினாள்.

"உது என்ன தண்ணியடி?"

"வீட்டுக் கிணத்துத் தண்ணி. ஏன்?"

"மண்ணெண்ணெய் மணக்குது."

கடற்கரைக் குருநகர்க்காரிக்கு உப்புத் தண்ணிதான் ருசிக்கும் என்று பஞ்சலிங்கம் அண்ணை பகிடி விட்டார். ஆரணி போத்தலை வாங்கி ஒரு மிடறு குடித்தாள். தண்ணீர். எப்போதும் போலத் தண்ணீர். கடைப் போத்தல் தண்ணீர்தான் அவளுக்குச் சப்பென்று, ஏதோ குறைவது போல இருக்கும். குறைந்தது என்னவென்று இப்போது தெரிந்தது.

குழாயின் வாயில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டி நீட்டினாள். சிசிலியா மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஞ்சலிங்கம் அண்ணை இரண்டு கையையும் விரித்தார். துளைக்கிற மெசின் புகையில் தன்ரை மூக்குச் செத்து எத்தனையோ காலம், அதுதான் ஒவ்வொரு முறையும் பிள்ளையைக் கேட்டது என்றார். ஆரணி கோபம் வருமென்று பார்த்துக்கொண்டிருந்தாள். குடைக்கு வந்தது, பஸ் கொண்டக்டருக்குத் தினமும் வருவது, இதற்கு வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட ஈறு போல நெஞ்சு மரத்துக் கிடந்தது.

குகதாசன் சேருக்குப் போன் எடுத்து, தன் மூக்குப் பிழை, தெற்குப் பக்கம் முழுக்கத் திரும்பத் துளைக்க வேண்டும் என்றாள். நாளைக்கு மெசின் வவுனியாவுக்குப் போகிறதே என்றார் அவர். பிறகு குரலைத் தணித்தார்.

"உம்மடை வீடு உந்தப் பக்கம்தானே? வீட்டுக்காகக் கோட்டை இழுக்கிறாள் எண்டு கதைப்பினம் பிள்ளை."

"ஓம் சேர், பக்கம்தான். அதாலதான் எனக்கு மணக்கேல்லை."

அவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான்காவது துளைக்குப் பக்கத்தில் மெசினைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னாள் ஆரணி. சேர் ஓமெண்டவரோ என்று கேட்டார் பஞ்சலிங்கம் அண்ணை.

"கேட்டனான்."

அவர் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு மெசினை இயக்கினார்.

மண் வந்தது. மெசின் நின்றது. சிசிலியா தோளில் கிடந்த சோலால் மூக்கை மூடிக்கொண்டு, கேட்காமலே கண்ணாடிப் போத்தலை நீட்டினாள். ஆரணி மண்ணை நிரப்பி, மூடுவதற்கு முன் கண்ணை மூடி இன்னொரு தரம் முகர்ந்தாள். எண்ணெய் இல்லை. மெல்ல வேறொன்று வந்தது. மழை விட்ட பிறகு குசினி வாசல். முழுகிவிட்டு வந்த அம்மாவின் ஈரத் தலைமயிர்.

வெங்காயத் தோட்டத்துக்கு அங்கால் கப்பி கிறீச்சிட்டது. வாளி கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.