எரியாத கட்டடம்

1

இந்தக் கதை ஒரு மகிழ்ச்சியிலிருந்து பிறந்தது. அந்த மகிழ்ச்சியைச் சொல்ல நாக் கூசுகிறது. ஆகவே முதலில் அதையே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, என் அக்கா அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது எனக்குள் எழுந்த முதல் எண்ணம் 'பாவம் அக்கா' என்பதன்று. 'கதை கிடைத்துவிட்டது' என்பது.

அக்கா நகரத் தீயணைப்புத் துறையில் தீத்தடுப்புப் பிரிவின் தலைவர். தீயை அணைப்பவர்கள் வேறு. இவள் தீ வராமல் பார்த்துக்கொள்பவள். கட்டடங்களைச் சோதிப்பது, குடியிருப்புகளில் கூட்டம் போட்டு எரிவாயு உருளையை எங்கே வைக்கலாம், எந்த ஒயரை மாற்ற வேண்டும் என்று விளக்குவது, திருந்தாத இடங்களுக்குச் சீல் வைப்பது: இவை அவள் வேலை. நான் நவீன இலக்கியத் திறனாய்வில் ஆய்வு செய்பவள். பிறர் கதைகளில் இல்லாததை இருக்கிறது என்று நிரூபிப்பது என் வேலை. [இந்த வாக்கியம் அக்காவுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.]

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

'நான்கு மாடிக் கட்டடத்தின் பின்கதவு பூட்டியிருந்தது. படிக்கட்டு வழியே புகை ஏறத் தொடங்கியபோது, முதல் மாடிக் காப்பகத்தில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்—'

இங்கே நிறுத்தினேன். நிறுத்தியது என் மனச்சாட்சி அன்று. பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, இந்தக் கட்டடம் எரியவே இல்லையே."

"இது புனைவுக்கா."

"நான் நாயா அலைஞ்சு எரியாம வெச்சிருக்கேன். நீ உட்கார்ந்த இடத்துல கொளுத்துற."

"எரியலைன்னா கதையில என்னக்கா இருக்கு?"

"அதைத்தான் எல்லாரும் என்கிட்டயும் கேக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, என் மேசையடியில் சுருண்டு கிடந்த நீட்டிப்பு ஒயரைக் காலால் தள்ளினாள். "முதல்ல இதை மாத்து."

நடந்த தீக்குத் தொடக்கம், நடு, முடிவு மூன்றும் உண்டு. நடக்காத தீக்கு ஒரு தேதிகூடக் கிடையாது. தீயணைப்பு வண்டி ஓடினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அக்கா ஒரு மின்பெட்டியைத் திறந்து, கருகிய இணைப்பைக் காட்டி, இதை மாற்றுங்கள் என்று சொன்னால், வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார். அந்த வீடு மறுநாளும் இருக்கும். அதற்கடுத்த நாளும் இருக்கும். வெறுமனே இருந்துகொண்டே இருப்பதைச் சொல்வதற்கு ஒரு கதைவடிவம் எனக்குத் தெரியவில்லை.*

* என் ஆய்வேட்டில் 'இன்மையின் எடுத்துரைப்பியல்' என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன். இங்கே ஒரு வரிக்கும் உதவவில்லை.

3

ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் சோபா தைக்கும் கடை. இருக்கும் ஒரே படிக்கட்டின் அடியில் கடைக்காரர் ஸ்பாஞ்சை உத்தரம்வரை அடுக்கியிருந்தார். திருட்டுப் பயத்தால் பின்கதவுக்குச் சங்கிலி, பூட்டு. அதன் சாவி, நகரத்தின் மறுகோடியில் வசிக்கும் கட்டட உரிமையாளரின் சட்டைப்பையில். முதல் மாடியில் ஓர் அம்மா குழந்தைகள் காப்பகம் நடத்தினார். அக்கா இரண்டு முறை எச்சரித்தாள். மூன்றாம் முறை எல்லோரையும் வெளியேற்றிச் சீல் வைத்தாள். பெற்றோர் குழந்தைகளை வேறு இடங்களில் சேர்த்துவிட்டார்கள். காப்பகத்து அம்மா இப்போது அதே தெருவில், தம் வீட்டுக் கூடத்தில், மிஞ்சிய இரண்டு குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

[இந்த அம்மாவை நான் எழுதிய விதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. முதல் வரைவில் அவர் அழுதார். நான் பார்த்தவரை அவர் அழுததே இல்லை. வாசகர் இரங்கட்டும் என்று நான்தான் அழவைத்தேன்.]

உண்மையில் அவர் செய்தது இது. அந்த வட்டாரத்தில் அக்கா நடத்தும் விழிப்புணர்வுக் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒருமுறை நானும் போயிருந்தேன். அக்கா புகை எச்சரிக்கைக் கருவியை உயர்த்திப் பிடித்து, "இது கத்தும். கத்துனா எரிச்சல்பட்டு பேட்டரியைக் கழட்டிடாதீங்க" என்றாள்.

"எங்க வீட்ல ஏற்கெனவே ஒண்ணு கத்திட்டிருக்கு மேடம்" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

"அதுக்கும் பேட்டரியைக் கழட்ட முடியாது, இல்ல?" என்றாள் அக்கா. கூடமே சிரித்தது. அவர் மனைவிதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் காப்பகத்து அம்மா எழுந்தார்.

"ஒரு சந்தேகம் மேடம். என் கட்டடத்துல தீப்பிடிச்சுதா?"

"இல்லம்மா."

"பிடிக்கும்னு சொன்னீங்க."

"பிடிக்கலாம்னு சொன்னேன்."

"அந்த 'லாம்'லதான் மேடம் என் பொழைப்பு போச்சு."

என் துறையில் இதற்குச் சாத்தியப் பொருண்மை என்று பெயர். அந்தப் பெயரோடு அங்கே உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது.  அக்கா கருவியை உறையில் போட்டாள். கூட்டம் கலைந்ததும், நாற்காலிகளை மடிக்க அந்த அம்மாவே உதவினார்.

4

இனி, அக்கா துணி மடித்துக்கொண்டே சொன்னது.

அந்தக் கூட்டம் முடிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு பிற்பகலில், அவள் கட்டுப்பாட்டு அறையில் இருந்திருக்கிறாள். வயர்லெஸ்ஸில் அந்தத் தெருவின் பெயர் வந்திருக்கிறது. ஒரு கட்டடத்தின் பக்கமாகப் புகை என்று தகவல்.

"அப்பாடான்னு இருந்துச்சுடி."

"எது அப்பாடா?"

"அந்தக் கட்டடம்தான்னு நெனச்சேன். பாத்தீங்களா, அன்னிக்கே சொன்னேன்ல... அப்படி. அந்தம்மா முகம்தான் முதல்ல ஞாபகம் வந்துச்சு. இனிமே என்னைக் கேக்க மாட்டாங்கன்னு."

"அப்புறம்?"

"ரெண்டு வீடு தள்ளி ஒரு குப்பைத் தொட்டி. யாரோ பீடியை அணைக்காம போட்டிருக்கான். தொட்டின்னு தெரிஞ்சதும் எனக்குச் சப்புன்னு போச்சு." ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "தீ இல்லைன்னதும் எனக்கு சப்புன்னு போச்சுடி. எனக்கு."

"காலிக் கட்டடம்தானேக்கா. எரிஞ்சாலும் யாருக்கும்—"

"காலின்னு அந்த நேரத்துல எனக்கு ஞாபகம் இருந்துச்சா இல்லையான்னுதான் தெரியல."

அந்தக் கணத்தில்தான் எனக்கு அந்த மகிழ்ச்சி வந்தது. முதல் பகுதியில் சொன்னேனே, அது.

உரிமையாளர் மறுசோதனை கேட்டு விண்ணப்பித்திருப்பதாகவும், அடுத்த வாரம் தானே போக வேண்டும் என்றும் அக்கா சொன்னாள். "அது எரியணும்னு ஆசைப்பட்ட கண்ணு. அதே கண்ணாலதான் போய்ப் பாக்கணும். 'வேண்டாம்'னு எழுதுனா, கட்டடம் சரியில்லைன்னு எழுதுறேனா, நான் சரின்னு எழுதுறேனா?"

5

மறுசோதனையை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா அனுமதி தருகிறாள். குழந்தைகள் திரும்பி வருகிறார்கள். வாசகர் கண் துடைத்துக்கொள்கிறார். மற்றொன்றில் அவள் மறுக்கிறாள், காப்பகத்து அம்மா அவளைச் சபிக்கி— [கிழித்துவிட்டேன். இரண்டிலும் யாரும் அந்தக் கட்டடத்தைப் பார்க்கவே இல்லை.]

அக்கா பார்த்தாள். காப்பகத்து அம்மாவையும் உடன் வரச் சொல்லியிருந்தாள். ஸ்பாஞ்ச் அகற்றப்பட்டிருந்தது. சங்கிலி இல்லை. முதல் மாடியின் பின்புறம் உரிமையாளர் புதிதாகச் சுவரோடு ஓர் இரும்பு ஏணி பொருத்தியிருந்தார். "இதான் மேடம் ரெண்டாவது வழி" என்று காட்டிவிட்டு, கைப்பேசி ஒலித்ததால் கீழே போனார்.

அக்கா ஏணியை அசைத்துப் பார்த்தாள். உறுதியாகத்தான் இருந்தது. அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது என்றாள் பிறகு. ஆடியிருந்தால் சுலபமாகப் போயிருக்கும்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இதுல இறங்குவீங்களா?"

காப்பகத்து அம்மா கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தார். "இறங்குவேன். இடுப்புல ஒண்ணைத் தூக்கிக்கிட்டும் இறங்கிடுவேன்." பிடியை விடாமல் நின்றார். "மத்ததுங்க மேல நிக்கும்."

 காப்பகத்துக்கு அனுமதி இல்லை என்று அக்கா அங்கேயே, அவர் கண்முன்னேயே எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடும்போது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: வயர்லெஸ், அப்பாடா, சப்பென்று போனது. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லாமல் படியிறங்க முடியவில்லை என்றாள்.

காப்பகத்து அம்மா முந்தானையால் கம்பியின் அழுக்கு ஒட்டிய உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு வண்டிச் சத்தம் கேட்டு நானும் வாசலுக்கு ஓடி வந்தேன் மேடம். நம்ம கட்டடம் இல்ல, குப்பைத் தொட்டிதான்னு தெரிஞ்சதும் எனக்கு—"

"மேடம், முடிஞ்சுதா?" என்று கீழிருந்து உரிமையாளர் குரல் கொடுத்தார். காப்பகத்து அம்மா திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

6

அந்த வாக்கியத்தை நான் முடித்துப் பார்த்தேன்.

'—நிம்மதியாக இருந்தது.' அப்படியென்றால் அந்த அறைகளுக்குத் திரும்பிவிடலாம் என்று அவர் அன்றும் நம்பிக்கொண்டிருந்தார். வெட்கத்தில் அக்கா தனியாள்.

'—சப்பென்று போனது.' அப்படியென்றால், போன பிழைப்புக்கு ஒரு காரணமாவது கிடைக்கட்டும் என்று அவரும் ஏங்கியிருக்கிறார். ஒரே பிற்பகலில் இரண்டு பெண்கள் ஒரே தீயை விரும்பியிருக்கிறார்கள். இரண்டாவது முடிவு அழகானது. அழகாக இருப்பதாலேயே அதன்மீது சந்தேகமாக இருக்கிறது.

அவரிடமே கேட்டுவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர் தெருவரை போனேன். கூடத்துக்குள்ளிருந்து ஒரு குழந்தை சிணுங்குவதும், அவர் ஏதோ சொல்லி அதைச் சிரிக்கவைப்பதும் கேட்டது. அவருக்காக வந்திருக்கிறேனா, கதைக்காகவா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் தெரிந்ததும் திரும்பிவிட்டேன்.

இரண்டு முடிவுகளையும் அக்காவிடம் கொடுத்தேன். கட்டட வரைபடத்தைப் பார்ப்பதுபோல, வரிகளின்மீது விரலை ஓட்டிக்கொண்டே படித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது.

"ரெண்டுலயும் பூட்டிட்ட."

"எதை?"

"அந்தம்மாவை. கடைசிக் கதவு உள்ள இருக்கறவங்க தள்ளுனா திறக்கணும்டி. சாவி வெளில ஒருத்தர் பையில இருந்தா, அது கதவே இல்ல."

இரண்டையும் நீக்கிவிட்டேன். நீங்கள் வேண்டுமானால் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்குமுன் ஒன்று. இரண்டாம் பகுதியில், புகை படியேறியபோது, குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தபோது, நான் பாதியில் நிறுத்தினேன். அந்தக் கட்டடம் எரியவே இல்லை என்று அக்கா சொன்னாள். அதைப் படித்ததும் உங்களுக்கு—