மூக்கில் அடிக்கும் மருந்து எங்கே போகிறது?

1

இந்தக் கதை என் கன்னத்தில் பிறந்தது. பாதி மழித்தும் பாதி நுரையோடும் நான் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, தலைக்கு மேலே கத்தியோடு நின்றவருக்குத் தும்மல் வந்தது. நல்லவேளை, கத்தியை விலக்கிக்கொண்டுதான் தும்மினார். இரண்டு காதுகளோடு வீடு திரும்பி எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மகரந்தம் மிதந்து வந்த அந்தக் காலைப்பொழுதில்…" வேண்டாம். மகரந்தத்தைக் கவிதையாக்குகிறவருக்கு அதனால் மூக்கு ஒழுகியே இருக்காது.

இரண்டாவது: சலூன் மாஸ்டருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. மகரந்த ஒவ்வாமைக்கு டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை வாரக்கணக்கில், ஒரு நாள் விடாமல் மூக்கில் அடிக்கிறார். தும்மல் அசைந்து கொடுக்கவில்லை.

இது தேவலை. கடை முதலாளி வேறு மாஸ்டரிடம் சொல்லிவிட்டார்: "இந்த வாரம் பாப்பேன். நிக்கலன்னா இனிமே கத்தியத் தொடாத. கடையக் கூட்டிப் பெருக்கு, போதும்."

3

மாஸ்டரின் அக்காவுக்கு மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தம்பியின் மூக்குச் சளியைப் பஞ்சுக்குச்சியால் எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தாள்.

(குறுக்கே ஒரு விளக்கம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் எனக்குக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். ஈயோசினோஃபில் என்று ஒரு வகை வெள்ளை அணு. சாயம் பட்டால் உள்ளிருக்கும் மணிகள் செக்கச்செவேலென்று தெரியும். மகரந்தத்தை எதிரிப்படை என்று நினைத்து உடம்பு இவற்றை மூக்குக்கு அனுப்புகிறது. கூட்டமாக நின்றால் அங்கே அழற்சி நடக்கிறது என்று அர்த்தம். 'ஆள் அனுப்பு' என்ற அந்தக் கூப்பாட்டைத்தான் ஸ்டீராய்டு அடக்குகிறது. அதற்கு அது மூக்கின் உட்சுவரில் பட்டுத் தங்கவேண்டும்.)

தகடு முழுக்கச் சிவப்பு.

"பொய் சொல்லாதடா. நீ மருந்தே அடிக்கல."

"உம்மேல சத்தியமா அடிக்கிறேன்க்கா."

"எம்மேல ஏன்டா? உன் மூக்கு மேல பண்ணு."

[அவள் கண்ணில் துளிர்த்த நீரை… இல்லை. இந்த அக்கா அழமாட்டாள். நான்தான் அழவைக்கப் பார்த்தேன்.]

4

"சரி, எங்கண்ணு முன்னாடி அடி."

சலூனில் ஆளில்லை. மாஸ்டர் வாடிக்கையாளர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். பிடியை இழுத்து முதுகைச் சாய்த்தார். முகவாயைக் கூரைக்கு நீட்டி, சவரத்துக்குப் படுப்பதுபோலவே படுத்தார். புஸ். பலமாக உறிஞ்சினார், விழுங்கினார், முகம் சுளித்தார்.

"எதுக்குடா படுக்கிற?"

"பின்ன? மூஞ்சில வேலைன்னா சாய்ச்சுதானே செய்வோம்?"

"தொண்டை கசக்குதா?"

"தினமும். மருந்துன்னா கசக்காதா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "மூக்குக்குக் குடுத்தத இத்தனை நாளும் குடிச்சிருக்கியே, ராசா!"

5

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் மறுநாளே தும்மல் நின்றது. அது பொய், இந்த மருந்து வேலையைக் காட்டச் சில நாளாகும். இன்னொன்றில் முதலாளிக்குத் தும்மல் தொற்றியது. அது என் ஆசை, ஒவ்வாமை தொற்றாது. மூன்றாவதில் அக்கா கடைக்கே போய், தம்பிக்குக் கொஞ்ச நாள் தவணை கேட்கிறாள். முதலாளி மீசையைத் தடவுகிறார்.

அவர் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முதலாளிகளின் மனசு எனக்குப் பிடிபடாது. மூக்கு பிடிபடும்.

தலையை லேசாக முன்னால் சாய்க்கவேண்டும். வலது கையால் இடது துளை, இடது கையால் வலது துளை. ஸ்ப்ரே முனை நடுச்சுவரைப் பார்க்காமல், அந்தந்தப் பக்கத்துக் காதைப் பார்க்கவேண்டும். அழுத்தி, மெல்ல மூச்சிழுக்கவேண்டும், உறிஞ்சக்கூடாது. தினமும்.

மாஸ்டர் இப்போது நின்றபடி அப்படித்தான் அடிக்கிறார். தொண்டை கசப்பதில்லை.