வெளியே எடுக்காதீர்கள்

ஊரில் உள்ளவர்கள் குரலையெல்லாம் பிடித்து வைத்த மனிதர், தன் குரலை மட்டும் பிடித்து வைக்காமல் விட்டுவிட்டார். இருபத்தாறு வருஷம் விளம்பர ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு வேலை. சோப்பு, சிமெண்டு, தலைவலி மாத்திரை என்று யார் யாரோ மைக் முன்னால் நின்று உருகினார்கள். ரெக்கார்டிங்காரர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாதத்துக்கு முன் தொண்டையில் புற்றுநோய் என்று சொல்லி டாக்டர்கள் குரல்வளையை எடுத்து, மூச்சுக்குக் கழுத்தில் ஒரு துளை போட்டுவிட்டார்கள். ஆள் பிழைத்தார், பேச்சு போய்விட்டது.

அவர் மனைவி ஃபோனைக் குடைந்து பார்த்தாள். வீட்டில் வீடியோ எடுப்பது எப்போதும் அவர்தான் என்பதால், அதில் இருந்ததெல்லாம் அவள் பேச்சு, அவள் சிரிப்பு, அவள் சண்டை. ஒரே ஒரு இடத்தில் அவர் இருமியிருந்தார். அந்த இருமலை அவள் நாலு முறை போட்டுக் கேட்டாள். அவர் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது ஒரு மினிடிஸ்க் அகப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பிளாஸ்டிக் உறை, அதற்குள் சின்னத் தகடு. மேலே அவர் கையெழுத்தில் ‘லெவல் டெஸ்ட் - நான்’ என்று எழுதியிருந்தது. பேச வருகிறவர்களுக்கு முன்னால் தானே மைக்கில் பேசிப் பார்த்தது. இத்தனை நாள் வாயே திறக்கவில்லையே என்று அவள் சண்டைக்கு வந்தாள். பிறகு தான் சொன்னது என்ன என்று உறைத்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தகடு இருந்து என்ன? போட்டுக் கேட்க மிஷின் இல்லை. ஸ்டூடியோவை மூடிய அன்றே அங்கிருந்ததெல்லாம் எடைக்குப் போய்விட்டது. அந்த மாதிரி மிஷினை இப்போது யாரும் செய்வதும் இல்லை. ஜப்பானிலிருந்து பழைய சாமான் இறக்குகிற கடை ஒன்று இருக்கிறது, அங்கே போய்ப் பார்ப்போம் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். அவர் முதுகு வலி என்றார், மழை வரும் என்றார், எல்லாம் சின்ன நோட்டில் எழுதித்தான். அவள் எதற்கும் மசியவில்லை.

அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அந்தக் குரல் கிடைத்துவிட்டால் அவள் அதோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடுவாள் என்று அவருக்குப் பயம். பெட்டிக்குள் பேசுகிற புருஷன் ஒருவன், வெளியே கழுத்தில் துளையோடு ஊமையாக ஒருவன். இரண்டில் அவள் எதைப் பார்த்து உட்காருவாள் என்று அவருக்குத் தெரியும். தன்மேலேயே ஒருவன் பொறாமைப்படுவதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

கடையில் நடக்க இடமில்லை. ஆம்ப்ளிஃபையர்கள், கேமராக்கள், கேம் கேசட்டுகள், பழைய சிடிக்கள், வீடியோ டேப்புகள் கூரை வரைக்கும் ஏறியிருந்தன. பலவற்றில் யென் விலை ஒட்டிய ஸ்டிக்கர்கூட உரிக்கப்படவில்லை. கடைக்காரனுக்கு நூறு வோல்ட் என்று பெயர். உள்ளே நுழைகிறவர்களிடம் வணக்கத்துக்குப் பதிலாக அவன் சொல்வதே அதுதான்: எல்லாம் நூறு வோல்ட் சாமான், வீட்டு பிளக்கில் நேராகச் சொருகினால் புகைதான் வரும், அப்புறம் என் சட்டையைப் பிடிக்காதே. கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுக் கரண்டை நூறு வோல்ட்டாகக் குறைக்கிற இரும்புப் பெட்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் மேல், ‘ஓடும்போது வயரைப் பிடுங்காதே’ என்று அட்டை தொங்கியது.

மினிடிஸ்க் மிஷின் ஒன்றே ஒன்று இருந்தது. பொத்தான்களில் எல்லாம் ஜப்பான் எழுத்து. நூறு வோல்ட்டுக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது, ஆனால் கை எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருந்தது. அவனுக்கு இன்னொரு வியாபாரமும் உண்டு. மிஷின்களுக்குள்ளேயே சிக்கி வருகிற பழைய தகடுகளை அழித்து, காலித் தகடு என்று விற்பான். உள்ளே தள்ளு, மெனு, வலது, வலது, சரி, வெளியே. ஒரு நாளைக்கு அறுபது எழுபது. குனிந்துகூடப் பார்க்க மாட்டான்.

“கொடுங்கக்கா, ஓட்டிப் பாத்துட்டே வாங்கிக்கோங்க” என்றான்.

அவள் பையிலிருந்து தகட்டை எடுத்தாள். அவன் மிஷினைத் துடைத்து வயரை இரும்புப் பெட்டியில் பூட்டுகிற வரைக்கும் வைத்திருக்கச் சொல்லி அவர் கையில் கொடுத்தாள். உறையின் ஓரத்தில் சின்னத் தாழ் ஒன்று உண்டு. நகத்தால் தள்ளிவிட்டால் யாரும் அழிக்க முடியாது. அது திறந்து கிடந்ததை அவர் பார்த்தார். நகம் அதன்மேல் போய் நின்றது. தள்ளவில்லை. மறதியா, வேண்டுமென்றா என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அதற்குள் நூறு வோல்ட் கையை நீட்டி வாங்கிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து அவன் ஃபோன் அடித்தது. துறைமுகத்திலிருந்து ஏஜெண்ட். கன்டெய்னரைத் திறக்க விடவில்லையாம். அவன் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஏஜெண்டின் பரம்பரையையே இழுத்துத் திட்ட ஆரம்பித்தான். கை தன்பாட்டுக்குத் தகட்டை உள்ளே தள்ளியது. திரையில் ‘1’ என்று வந்தது. ஒரு பதிவு இருக்கிறது என்று அர்த்தம்.

மெனு. வலது. வலது.

ரெக்கார்டிங்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயைத் திறந்தார். கழுத்துத் துளை வழியாகக் காற்றுதான் வந்தது. கல்லாக் கண்ணாடியில் ஓங்கி அடித்தார். நூறு வோல்ட் நிமிர்ந்தான், ஆனால் விரல் ‘சரி’யை அழுத்தி முடித்திருந்தது. திரையில் ‘1’ போய் ‘0’ வந்தது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஃபோன் தோளிலிருந்து நழுவி விழுந்தது.

“அக்கா... பழக்க தோஷம்க்கா. கை தானாப் போயிடுச்சு.”

“என்ன போச்சு?” என்றாள். திரையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். “எடுப்பா. முதல்ல அத வெளிய எடு.”

யாருக்கும் அதுதான் தோன்றும். எரிகிற வீட்டுக்குள் கிடக்கிற பிள்ளையை வெளியே இழுக்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் இந்தத் தகட்டின் குணம் வேறு. அழி என்று சொன்னதும் மிஷின் அதைத் தன் நினைவில் மட்டும் குறித்துக்கொள்ளும். தகட்டை வெளியே தள்ளுவதற்கு முன்னால்தான் அந்தக் கணக்கைத் தகட்டில் எழுதும். வெளியே எடுத்தால் எல்லாம் முடிந்தது. அந்தக் கடையில் இது தெரிந்தவர் ஒருவர்தான், அவருக்குத்தான் வாய் இல்லை.

அவர் இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார். கோபத்தில் ஆட்டுகிறார் என்று அவள் நினைத்தாள். “சும்மா இருங்க நீங்க” என்று ஒரு கையால் அவரைத் தள்ளிவிட்டு, மறு கையால் நூறு வோல்ட்டின் தோளை உலுக்கினாள். அவன் விரல் வெளியே தள்ளும் பொத்தானை நோக்கிப் போனது.

ஒரு நொடி. விட்டுவிட்டால் போதும். யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது, பழி முழுக்கக் கடைக்காரன் தலையில். பெட்டிக்குள் இருக்கிற புருஷன் இன்றோடு தொலைந்தான். அப்போது அவர் அவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக் கதவு மூடியபோதுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

அவர் பாய்ந்து இரும்புப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார். திரை அணைந்தது. உறுமல் நின்றது.

“என்ன பண்ணிட்டீங்க?” அவள் குரல் உடைந்துவிட்டது. “உங்களுக்கு அது வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரியாதா, நீங்க வரவே பிரியப்படல.”

நோட்டு கிடைக்கவில்லை. ரசீதுப் புத்தகத்தை இழுத்து எழுதினார். வெளியே வரும்போதுதான் தகட்டில் எழுதும். கரண்ட் போனால் மிஷின் மறந்துவிடும். மறந்திருந்தால் பிழைத்தோம்.

கொஞ்சம் நிறுத்தி, கீழே இன்னொரு வரி எழுதினார். தாழ் திறந்திருந்ததைப் பார்த்தேன். மூடவில்லை.

அவள் இரண்டாவது வரியை இரண்டு தரம் படித்தாள். நூறு வோல்ட் வாய்க்குள் என்னவோ வேண்டிக்கொண்டிருந்தான். பாட்டரி கீட்டரி உள்ளே இருக்கிறதா என்று அவர் சைகையில் கேட்டார். கழற்றித்தான் வைப்பேன், ஆனால் இதில் பார்க்கவில்லை என்றான் அவன். மிஷினைக் கவிழ்த்து மூடியைத் திறந்தார்கள். காலி. இருந்தாலும் உள்ளே மிச்சமிருக்கிற கரண்டும் வடியட்டும் என்று ஐந்து நிமிஷம் பொறுக்கச் சொல்லி அவர் விரல்களை விரித்துக் காட்டினார். அந்த ஐந்து நிமிஷம் மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு நின்றார்கள். வெளியே யாரோ கேம் கேசட் என்ன விலை என்று கேட்டார்கள். பதில் வராததால் போய்விட்டார்கள்.

வயரை அவரே சொருகினார். பெட்டி உறுமியது. திரையில் ஜப்பான் எழுத்து ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. தகடு உள்ளே சரசரவென்று சுற்றும் சத்தம். பிறகு ‘1’.

நூறு வோல்ட் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். ரெக்கார்டிங்காரர் தகட்டை வெளியே எடுத்து, நகத்தால் தாழைத் தள்ளி மூடினார். மறுபடி உள்ளே போட்டு, ஓட்டும் பொத்தானை அழுத்திவிட்டு, கூட்டத்தில் இடம் விடுகிறவர்போல அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் நாற்காலி நகரும் சத்தம்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு. மைக் பக்கம் திரும்பிப் பேசணும், சுவத்தப் பாத்து இல்ல.” தடித்த, கொஞ்சம் அவசரமான குரல். “கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேக்குதா? கேட்டா கையத் தூக்குங்க.”

அவள் கையைத் தூக்கினாள்.

யோசித்துத் தூக்கவில்லை. மிஷினைப் பார்த்தபடி, பள்ளிக்கூடத்துப் பெண்போல, வலது கை நேராக மேலே போய் நின்றது. குரல் அந்தக் கையைப் பார்க்கவில்லை. “கேக்குதா?” என்று திரும்பவும் கேட்டது. அவள் கையை இன்னும் உயர்த்தினாள். தோள் குலுங்கியது. “யாராவது கையத் தூக்குங்கப்பா” என்றது குரல்.

ரெக்கார்டிங்காரரால் அதற்கு மேல் பின்னால் நிற்க முடியவில்லை. கல்லாவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். மிஷினுக்குப் பின்னால், அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். இருபத்தாறு வருஷம் கண்ணாடி வழியாக எத்தனையோ பேருக்குச் செய்ததை அவளுக்குச் செய்தார். தூக்கிய கையைப் பார்த்து, சரி, கேட்கிறது, இறக்கலாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் கையை இறக்கினாள்.