மூன்று தெருவுக்குத் தெரிந்த ரகசியம்

வகுப்புக்கு உதாரணம் தேடப் போனவள் கையில் சொந்த வீட்டுச் சங்கதியே வந்து சிக்கியது. கல்லூரியில் காப்புரிமைச் சட்டம் நடத்துகிறவள் அவள். புதிதாக வெளியான விண்ணப்பங்களைக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு மருந்துக் கம்பெனியின் தீப்புண் களிம்பு கண்ணில் பட்டது. நிழலில் வாட்டிய இலையின் சாறு, தேன்மெழுகு, சுண்ணாம்புத் தெளிநீர். கலக்கும் வரிசை உட்பட எல்லாம் அண்ணன் தன் வைத்தியசாலையில் போடுகிற அதே களிம்பு. கம்பெனியோ தன் புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதியிருந்தது.

அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் எதையோ உளறிக்கொட்டிவிட்டு அண்ணனிடம் ஓடினாள்.

அண்ணன் ஒரு வெல்டரின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது.

"அப்பா எனக்கு மட்டும் சொன்ன ரகசியம் இது. வேற யாருக்கும் தெரியாது. ஆட்சேபம்னு இதையே எழுதிக் குடு பாப்பா, நானே வந்து அடிச்சுச் சொல்றேன்."

"ஐயோ அண்ணா, அப்படிச் சொன்னா நாமே அவங்ககிட்ட தூக்கிக் குடுத்த மாதிரி. நாலு பேருக்கு ஏற்கெனவே தெரியும்னாத்தான் இது புதுசு இல்லைன்னு வாதாட முடியும்."

"என்னம்மா சட்டம் இது? பொத்திப் பொத்திக் காப்பாத்தினவன் முட்டாளா?"

ஆட்சேபம் சொல்வதற்கான கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நூலகங்களில் பழைய மருத்துவ நூல்களைக் குடைந்தாள். இலை இருந்தது, களிம்பு இல்லை. வீட்டில் கூடத்துக்கும் அறைக்கும் நடந்தாள். "தரை தேஞ்சிடப் போகுது" என்ற கணவன்மேல் எரிந்து விழுந்தாள்.

மறுபடி அண்ணன் வீட்டுக்கே போனாள். இருவரும் பழைய சண்டையையே போட்டுக்கொண்டிருக்க, அண்ணி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நாலு பேர் போதுமா?"

"என்ன அண்ணி?"

"இன்னும் நிறைய பேர் வேணுமான்னு கேட்டேன்." அண்ணி கணவன் பக்கம் திரும்பவில்லை. "ரொம்ப வருஷம் முன்னாடி, இவர் வெளியூர் போயிருந்தப்ப ரொட்டிக் கடைக்காரர் கை வெந்து ஓடி வந்தார். இருந்ததைப் போட்டேன், தீர்ந்துபோச்சு. அவர் சம்சாரத்துக்குச் செய்முறையைச் சொன்னேன். அவங்க தங்கச்சிக்குச் சொன்னாங்க. இப்போ மூணு தெருவுல இதைச் செய்யத் தெரியாத பொம்பளை கிடையாது."

"உனக்கு யார் சொன்னது?" அண்ணன் அவள் பக்கம் திரும்பினார்.

"அரைக்கிறது யாருங்க? வடிகட்டறது யாரு? இத்தனை வருஷமா கண்ணை மூடிக்கிட்டா செஞ்சேன்?"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அதன்பிறகு மனைவியோடும் பேச்சில்லை, தங்கையோடும் பேச்சில்லை. பெண்கள் இருவரும் வீடு வீடாக ஏறி, யார் யாரிடம் எப்போது கற்றார்கள் என்று கேட்டு, சத்தியப் பிரமாணத்தோடு வாக்குமூலம் வாங்கித் தாக்கல் செய்தார்கள்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் நேராக அண்ணனைத்தான் கூப்பிட்டார்.

"உங்க வைத்தியசாலைப் பலகையில 'பரம்பரை ரகசியம்'னு இருக்கே, அது பொய்யா?"

'பொய் இல்லை' என்று அண்ணன் சொன்னால் போதும், கம்பெனி கொடி நாட்டிவிடும். 'பொய்தான்' என்றால் அவருடைய பெருமையெல்லாம் சபையில் கப்பலேறும்.

"பொய் இல்லைங்க. ரகசியம்னு நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். என் வீட்டுக்காரி மூணு தெருவுக்கும் சொல்லிட்டா. எனக்குத்தான் கடைசியாத் தெரிஞ்சுது."

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

விண்ணப்பம் தள்ளுபடியானது. திரும்பும்போது பேருந்தில் அண்ணனும் அண்ணியும் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன்தான் முதலில் பேசினார்.

"தெளிநீரை எப்போ ஊத்தணும்னு சொல்லிக் குடுத்தே?"

"மெழுகு உருகினப்புறம்."

"ஆறினப்புறம்னு சொல்லணும். இல்லேன்னா திரிஞ்சிடும். நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வா."

"நீங்களே போய்ச் சொல்லுங்க" என்றாள் அண்ணி.

பின்னிருக்கையில் இருந்தவளுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கைபேசியை எடுத்து, அந்த வாரம் புதிதாக வெளியான விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள்.