தலைகீழாக மாட்டிய ஆக்சில்

"அம்மா, இதக் கவுத்துப் போட்டா மாட்டப் போற?" என்று கேட்டான் கார்லன்.

"பின்ன? எஞ்சின் விசையக் கொண்டுவர்ற ஷாஃப்ட் பூட்டுற தலை இதுல வலப்பக்கம் இருக்கு. உன் வண்டில கியர்பெட்டி இடப்பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது. கவுத்தாத்தான் பூட்ட வரும். அந்த முனையப் பிடிடா."

வைனெல் சொன்னதில் பொய் இல்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தாள். கவிழ்த்து மாட்டிய முன் ஆக்சில் தன் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றும். சேற்றுக் குழியின் விளிம்பில் மகன் நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்தால், பின் சக்கரம் முன்னே தள்ளும், முன் சக்கரம் பின்னே இழுக்கும். வண்டி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அவளுக்கு வேண்டியது அதுதான்.

அவள் புருஷன் எம்மெட் இரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் செஞ்சேற்றுக் குழியைக் கடந்து காட்டத்தான் வண்டியோடு இறங்கினான். இரும்புக் கயிறு கட்டி இழுத்தபோது பிய்ந்துகொண்டு வந்தது இந்த ராணுவ லாரி முன் ஆக்சில் மட்டும். எம்மெட் வரவேயில்லை. ஜார்ஜியாவில் அந்தக் குழியைக் கடந்தவன் எவனும் இல்லை. வரும் ஞாயிறன்று, தான் அதைக் கடப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டான் மகன்.

கொழுந்தன் ஹாய்ட் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே டயரை அண்ணாந்து பார்த்தான். "அண்ணி, இதுல ஏற உங்க பையனுக்கு ஏணி வேணும். இறங்கப் பாதிரியார் வேணும்."

"வாயக் கழுவு, ஹாய்ட்."

"சரி, கேலி பண்ணல. ஆனா ஒண்ணு கேக்கறேன். நேத்து இந்தச் சக்கரத்துல சாக்பீஸ் கோடு மேல போட்டேன். காலைல கீழ இருக்கு. யாரு சுத்துனது?"

மூன்று முறை கழுவியும் ஆக்சில் முனையிலிருந்து செஞ்சேறு கசிந்துகொண்டேயிருந்தது.

ஞாயிறு. தேவாலயம் விட்டதும் கூட்டம் குழியைச் சுற்றி நின்றது. கார்லன் வண்டியை விளிம்புக்குக் கொண்டுவந்தான். வைனெல் மூச்சைப் பிடித்தாள். 'இப்ப நிக்கும். இப்ப நிக்கும்.'

நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"அய்யோ, ஹாய்ட்! நின்னிருக்கணுமே!"

"ஏன் நிக்கணும்?"

நட்டநடுக் குழியில் எஞ்சின் இருமி அணைந்தது. சேறு கதவின் பாதிக்கு ஏறியது. இரும்புக் கயிற்றை எடுக்க ஹாய்ட் ஓடினான். அதற்குள் வண்டி தானாக அசைந்தது.

எஞ்சின் செத்துக் கிடந்தது. முன் சக்கரங்கள் மட்டும் மெதுவாகப் பின்னோக்கிச் சுழன்றன. பின் சக்கரங்கள் சுழலாமல் பின்னுக்குத் தள்ளப்பட்டன. சத்தமே இல்லை, சேறு உறிஞ்சும் ஒலி மட்டும். வண்டி பின்வாக்கிலேயே விளிம்பேறி, காய்ந்த தரையிலும் ஊர்ந்தது.

கார்லன் வெளியே குதித்தான். முகம் வெளுத்திருந்தது. "நான் ஒண்ணும் பண்ணலம்மா. சாவியக் கையில வெச்சிருக்கேன், பாரு."

"கவுத்த ஆக்சில்டா. பின்னாலதான் சுத்தும். வேணும்னேதான் நான்..."

"தெரியும். வெள்ளிக்கிழமையே கையால சுத்திப் பாத்துட்டேன். என்னை நிறுத்தப் பாக்கறன்னு புரிஞ்சுது. அதனாலதான்..." அவன் வண்டிக்கு அடியில் கை காட்டினான். "முன் ஷாஃப்டக் கழட்டிட்டேம்மா. பின் சக்கரத்த மட்டும் வெச்சுத்தான் இறங்கினேன்."

ஹாய்ட் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். எழுந்திருக்க நேரமாயிற்று.

"அண்ணி... ஷாஃப்ட் இல்ல. இந்தச் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல."

வண்டி இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது, குழியிலிருந்து விலகி, வீட்டுப் பாதையைப் பார்த்து. வைனெல் கூடவே நடந்தாள். சேறு வழியும் முன் டயரில் உள்ளங்கையை வைத்தாள்.

"போதும், எம்மெட்," என்றாள். "பையன் வெளிய வந்துட்டான்."

சக்கரம் நின்றது.